ஹாரன் இல்லாத ஏழு கிலோமீட்டர்

கோடியக்காட்டுச் சாவடியில்
வனக்காவலர் அம்புரோஸ் கேட்டார்:
"வண்டி எங்கே?"
இன்று வண்டி கிடையாது, வார விடுப்பு.
ஜெஹபர் கடையில் நாள் வாடகைக்கு எடுத்த சைக்கிள்,
தடித்த டயர், மணியில் மட்டும் கொஞ்சம் துரு.
தடுப்புக் கட்டையை அவர் தூக்கவில்லை.
"குனிஞ்சு போ" என்றார்.
குனிந்து போனேன்.

தார் முடிந்து கப்பி தொடங்குகிறது.
முதலில் உள்ளங்கைக்குத்தான் அது தெரிகிறது,
பிறகு பல்லுக்கு.

வேதாரண்யம் தொட்டு நாகப்பட்டினம் வரை
கடற்கரைச் சாலையை நான்
மைல்கல் வைத்து அறிந்தவன் இல்லை.
செம்போடை வளைவு என்றால் நசுங்கிய பால்கேன்.
வெள்ளப்பள்ளம் என்றால் ஒற்றைக் கொலுசு.
திருப்பூண்டி என்றால்
"மெதுவாப் போங்கண்ணே, அவளுக்கு வலிக்குது" என்று
பறக்கவேண்டிய இரவில் கெஞ்சிய
புது மாப்பிள்ளை.
பதினோரு வருடம் நூற்றியெட்டு ஓட்டினால்
ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் ஆகிவிடும்.

இந்தப் பாதையில் நான் யாரையும் தூக்கியதில்லை.
இரண்டு பக்கமும் பாலை மரங்கள்,
யார் வைத்தது என்று கேட்கவே தோன்றாத வயசு.
கீழே காரை, சங்கு, களா,
ஒன்றின் முள் ஒன்றின் சட்டையைப் பிடித்துக்கொண்டு.
சக்கரத்தடியில் சரளை
யாரோ பொரி மெல்லுகிற மாதிரி.
பின்னால் எதுவும் வரவில்லை.
அதை நம்புவதற்குக் கழுத்துக்கு
மூன்று கிலோமீட்டர் ஆயிற்று.
அதுவரை
இல்லாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

சட்டென்று காடு விலகிப் புல்வெளி.
முழங்கால் உயரத்துக்கு மேல் எதையும் வளரவிடாத
உப்புக் காற்று.
முறுக்கிய கொம்போடு ஒரு வெளிமான்
பாதையின் நடுவில் தலை தூக்கிற்று.
பழக்கதோஷம், விரல் மணிக்குப் போனது.
அடிக்கவில்லை.
ஒரு காலைத் தரையில் ஊன்றி
அது கடந்து, அதன் பெட்டைகள் கடந்து,
கடைசிக் குட்டி யோசித்து யோசித்துக் கடக்கும்வரை
நின்றேன்.
விலகு விலகு என்றே பிழைத்தவன்
விலகி நின்றால்
தொடை நடுங்குகிறது.
மேடு ஏறிய களைப்பு என்று சாக்குச் சொல்லலாம்தான்.
இந்த ஜில்லாவில் மேடு ஏது?

திரும்புகையில் முள் ஏறியது.
பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது.
பம்ப் இல்லை. போனில் ஒரு கோடுகூட இல்லை.
மணி பார்த்தேன், நாலு பத்து.
நாலு இருபதுக்குள் போய்ச் சேரவேண்டிய வீடு
எது எது என்று மனசு பரபரத்தது.
எதுவும் இல்லை, போடா,
தள்ளிக்கொண்டு நட.

கஜா புயலில் சாய்ந்த பாலை ஒன்று
வழியோரம் கிடந்தது.
அந்த விடிகாலை நான்
தலைஞாயிற்றில் ஓட்டுவீடுகளுக்கு நடுவே
வண்டி நுழையாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.
இங்கிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை.
வேர் பாதி வானத்தில், பாதி மண்ணில்.
படுத்த அடிமரத்தில் இரண்டு விரல் வைத்தேன்,
கழுத்தோரம் வைப்பதுபோல்.
சுகிர்தா பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.
நாடி பிடிப்பது அவள் வேலை,
எனக்கு ஸ்டியரிங்கோடு சரி.

பட்டை வெயிலில் சுட்டது.
விலாவிலிருந்து நேராக எழுந்த கிளையில்
மஞ்சள் மஞ்சளாய்ப் பழம்.
சரணாலயத்துப் பழம், மானுக்கும் மந்திக்கும் உரியது.
தெரியும்.
ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சாவடிக்கு வரும்போது இருட்டு கட்டிவிட்டது.
"என்ன, பஞ்சரா?"
தலையை மட்டும் ஆட்டினேன்.
டார்ச்சை முகத்துக்கு நேரே அடித்து
பாலில் ஒட்டிப்போன என் உதட்டைப் பார்த்தார்.
"எத்தனை?"
ஒரு விரல் காட்டினேன்.
கட்டையைத் தூக்கினார்.